காணாமப் போன நூறு கிராம்

இந்தப் பை என்ற மடியிலயே இருக்கட்டுங்க தம்பி. நீங்க நல்லாத் தள்ளி உக்காருங்க, எடம் பத்தும். கீழ வெச்சா கூட்டறவங்க சீமாத்தோட சேத்துத் தள்ளி உட்டுருவாங்க. பக்கத்துச் சேர்ல வெச்சா உக்கார வர்றவங்க தூக்கி நகத்துவாங்க. உங்களைச் சொல்லலீங்க. நான் ஆரையும் சந்தேகப்படற ஆள் இல்லீங்க.

உங்க டோக்கன் எத்தனைங்க? முப்பத்தொண்ணா? அப்ப மத்தியானம் ஆயிரும். எங்களுது இருபத்திரெண்டு. என்ற சம்சாரம் டாக்டரம்மாகிட்ட உள்ளாற போயிருக்கறா. ஊதற டெஸ்ட்டு. ஒரு குழாயைக் குடுத்து மூச்சை இழுத்து ஊதச் சொல்வாங்களாமா, கம்ப்யூட்டர்ல கோடு வருமாமா. நான் கூட வர்றேன்னேன். 'ரூம் சின்னது அங்கிள், வெளிய உக்காருங்க'ங்குது அந்த நர்சுப் புள்ளை. ரூம் சின்னதா இருந்தா நான் ஓரமா நின்னுக்கறேன். ஏன் கூடாது? சரி, அவங்க சட்டம்.

நீங்க அப்பாவைக் கூட்டிட்டு வந்தீங்களா? எங்க வேலைங்க? செல்போன் கடையா. நல்லது. இல்ல, எதுக்குக் கேக்கறேன்னா, மாசுக் கட்டுப்பாடு அது இதுன்னு சில ஆபீசருங்க சாதாச் சட்டையைப் போட்டுக்கிட்டு சாதாரண ஆளாட்டவே வந்து உக்காந்து பேச்சுக் குடுப்பாங்க. நீங்க அப்படி இல்லைன்னு பாத்தாலே தெரியுது. கேட்டுக்கறது நல்லதில்லீங்களா.

என்ற பேரு சென்னியப்பனுங்க. சிங்காநல்லூர்ப் பக்கம். மில்லுல ப்ளோரூம் மேஸ்திரி, முப்பத்தொரு வருசம். ப்ளோரூம்னா பஞ்சு பேலைப் பிரிச்சு, அடிச்சு, தூசி தட்டற எடம். அப்ப தூசி பத்தி எனக்கு ஆராச்சும் சொல்லித் தரணுமாங்க? அதான் கேக்கறேன். தூசியிலயே பொறந்து தூசியிலயே ரிட்டயர் ஆனவன் நானு.

ரிட்டயர் ஆனதும் சும்மா இருக்கப் புடிக்கல. பின்னாடி ஷெட்ல மரவேலை ஆரம்பிச்சேன். ஸ்டூலு, சாமி மண்டபம், சுவர்ல மாட்டற அலமாரி. விக்கறதுக்கில்லீங்க, சொந்தம் ஒறம்பரைக்குக் குடுக்கறதுக்கு. மரம் அறுக்கற மிஷின் ஒண்ணு, இழைக்கற மிஷின் ஒண்ணு, உப்புத்தாள் தேய்க்கற மிஷின் ஒண்ணு. மூணும் ஓடுனா ஊடு பூராவும் மாவு மில்லு மாதிரி ஆயிரும். சாந்தாமணி, என்ற சம்சாரம், ஒரு நாள் சாம்பார்க் கரண்டியை என்ற மூஞ்சிக்கு நேராக் காட்டறா. 'ஏனுங்க, இது பெருங்காயமா தேக்கா, சொல்லிட்டுச் சாப்புடுங்க'ங்கறா. நானே சிரிச்சுட்டேன். அன்னிக்கு முடிவு பண்ணுனேன். இவளுக்கு ஒரு துளி தூசி ஊட்டுக்குள்ள வரக்கூடாது.

இதைக் கவனமாக் கேட்டுக்கங்க தம்பி. இவளுக்காகத்தான் ஆரம்பிச்சது.

ரெண்டு மாசம் பிளான் போட்டேங்க. கிராஃப் நோட்டுல ஷெட்டை அளந்து வரைஞ்சு, தரையில சாக்பீஸ்ல கோடு போட்டு, அந்தக் கோட்டு மேலயே நடந்து பாத்தேன். சும்மா ஒரு மோட்டாரை மாட்டி ஒரு பைப்பைச் சொருகுனா தூசி வந்துராதுங்க. காத்துக்கு ஒரு புத்தி இருக்குது. ஒரு எல்-பென்ட் போட்டா ஏழடி நேர் பைப்பை அதிகமாப் போட்ட கணக்கு, அத்தனை இழுவை கொறையும். அதனால பென்ட்டே ரெண்டுதான். பைப் பிரியற எடத்துல நேரா வெட்டாமச் சாய்வாச் சேத்தணும். மிஷினுக்கு மிஷின் ஒரு தகடு, வேணும்னா தொறக்க, வேண்டாம்னா மூட. ஒரு நேரத்துல ஒண்ணுதான் இழுக்கணும், இல்லைன்னா மூணுமே அரைகுறையா இழுக்கும். பிளாஸ்டிக் பைப்புல தூள் ஓடுனா கரண்டு மாதிரி சுள்ளுன்னு அடிக்கும், அதுக்கு உள்ளாற ஒரு செம்புக் கம்பி ஓட்டி எர்த் குடுத்தேன். இதெல்லாம் ஆரு சொல்லிக் குடுத்தா? ஆருமில்ல. மில்லு சொல்லிக் குடுத்தது.

தகர வேலைக்கு சபாபதின்னு ஒருத்தன். உக்கடத்துல பட்டறை. கை சுத்தமான வேலைக்காரன், வாய் மட்டும் நீளம். புனல் மாதிரி ஒரு கூண்டு செஞ்சு குடுத்தான். காத்து அதுக்குள்ள சுத்திச் சுத்திப் போறப்ப கனத்த தூளெல்லாம் அடியில இருக்கற டிரம்ல உழுந்துரும். மிச்சக் காத்து மேல ஒரு துணிப் பையில போயி, துணி வழியா வெளிய வந்துரும். பை சாந்தா தைச்சது. நல்ல காடாத்துணி, இரட்டைத் தையல். மில்லுல நாங்க அப்படித்தான் கட்டுவோம்.

சபாபதி பையைத் தடவிப் பாத்துட்டு, 'மேஸ்திரி, இது பஞ்சுக்குச் சரிங்க. மரத்தூள் மாவாட்டம் வரும், இந்தத் துணியில நிக்காது. நல்ல பில்டர் போடுங்க, இல்லைன்னா காத்தை அப்படியே வெளிய உட்ருங்க'ன்னான்.

பில்டர் எங்க கிடைக்கும்னேன். 'என்ற மச்சான் கடைல இருக்குதுங்க'ன்னான்.

புரிஞ்சுதுங்களா? எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. முப்பத்தொரு வருசம் தூசியோட பொழைச்சவன்கிட்ட வந்து மச்சான் கடை பில்டரை விக்கப் பாக்கறான். கண்ணுல தெரியற தூளைத்தான் பை புடிக்கணும், கண்ணுலயே தெரியாததுக்கு எதுக்குடா பில்டர்னு கேட்டு அனுப்பிட்டேன். ஆனா ஒண்ணு, பையை மட்டும் வெளியதான் வெச்சேன். எங்க ஊட்டுக்கும் பக்கத்து ஊட்டுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்குதுங்க, அங்க. ஆடி பதினெட்டு அன்னிக்கு ஸ்விட்ச்சைப் போட்டேன். அடேயப்பா. ஒரு சுருள் தரையில உழுகலீங்க. பொழுதோட சாந்தா டிவி மேல வெரலால இழுத்து, வெரலைக் கொண்டாந்து எனக்குக் காட்டுனா. சுத்தமா இருந்துது. 'கெட்டிக்காரருங்க நீங்க'ன்னா. நாப்பது வருசத்துல அவ வாயில இருந்து அது ஒரு தடவைதான் வந்துருக்குது.

அதோட நான் உட்ருக்கணும்.

எனக்கு ஒரு பழக்கமுங்க. மில்லுப் பழக்கம். உள்ள போறதை எடை போடணும், வெளிய வர்றதை எடை போடணும். மில்லுல நூறு கிலோ பஞ்சு உள்ள போனா, நூலு, கழிவு, கூட்டிப் பெருக்குன குப்பை எல்லாம் சேத்துத் தொண்ணூத்தொம்பது வரணும். அந்த ஒரு கிலோ எங்கயும் இருக்காது. அதுக்குப் பேரு இன்விசிபிள் லாஸ், கண்ணுக்குத் தெரியாத நட்டம். ஒண்ணு வரைக்கும் உடுவாங்க. ரெண்டைத் தாண்டுனா மேனேஜர் கூப்புட்டு, 'சென்னியப்பா, என்ற பஞ்சை ஆருய்யா திங்கறா?'ம்பாரு.

ஒரு வருசம் மூணைத் தொட்டுருச்சு. கூட்டற பொம்பளைங்க பதினொரு பேரு. அவங்களை கேட்ல நிறுத்தி, சேலை மடிப்பு வரைக்கும் பாக்கச் சொன்னேன். நான் பாக்கலீங்க, வாட்ச்மேன் சம்சாரம்தான் பாத்துது. அதுல மாராத்தான்னு ஒருத்தி, எந்நேரமும் இருமிக்கிட்டே இருப்பா. எதையோ மறைக்கத்தான் இருமறான்னு எனக்கு ஒரு இது. ஒண்ணும் கிடைக்கல. மறுநாள்ல இருந்து அவ வேலைக்கு வரல. அது பழைய கதை, உடுங்க. எதுக்கு இப்ப அவ நாபகம் வருதுன்னு தெரியல.

ஊட்லயும் எடை போட ஆரம்பிச்சேன். பலகையை அறுக்கறதுக்கு முன்னாடி ஒரு எடை, செஞ்சு முடிச்சப்பறம் ஒரு எடை. கொறைஞ்சது எத்தனையோ அத்தனை தூள் டிரம்லயும் பையிலயும் இருக்கணுமில்லீங்க? இல்ல. கிலோவுக்கு நூறு கிராம் காணோம். மில்லுல நூத்துக்கு ரெண்டு போனாலே வெசனப்படுவோம், இங்க பத்து போகுது. தராசு தப்போன்னு மளிகைக் கடைல கொண்டு போயி சரி பாத்தேன். தராசு சரி. மறுபடி போட்டேன். மறுபடி நூறு கிராம் காணோம்.

அப்ப என்ன அர்த்தம்? ஆரோ எடுக்கறாங்க.

சிரிக்காதீங்க தம்பி. மரத்தூளை ஆரு திருடுவான்னுதான நெனைக்கறீங்க? பக்கத்து ஊட்டு டெய்சி டீச்சரை உங்களுக்குத் தெரியாது. ரிட்டயர்டு டீச்சர். எட்டுக் கோழி வளக்கறாங்க. ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு, 'அண்ணா, கோழிக் கூண்டுல போட ஒரு வாளி மரத்தூள் கிடைக்குமா?'ன்னு கேட்டாங்க. குடுத்தேன். அதுக்கப்பறம் கேக்கவே இல்ல. ஏன் கேக்கல? கோழி அதே எட்டுக் கோழி. கூண்டு அதே கூண்டு. தூளு மட்டும் எங்கிருந்து வருது? நான் ஆரையும் சந்தேகப்படற ஆள் இல்லீங்க, ஆனா கேள்வின்னு ஒண்ணு இருக்குதில்ல.

அதுலயும் ஒரு நாள் அவங்களே வந்து மாட்டுனாங்க. 'அண்ணா, நீங்க மோட்டார் போடறப்பெல்லாம் அந்தப் பையில இருந்து புகை மாதிரி கெளம்புது. என் முருங்கை இலையெல்லாம் மாவு பூசுன மாதிரி கெடக்கு, வந்து பாருங்க'ங்கறாங்க. நான் போயிப் பாக்கல. என்ற பையை இந்தம்மா எதுக்கு இத்தனை உத்துப் பாக்குதுன்னுதான் எனக்குத் தோணுச்சு.

பை வாயில நூலுக் கட்டி, எனக்கு மட்டும் தெரியற மாதிரி ஒரு முடிச்சுப் போட்டேன். மறுநாள் பாத்தா முடிச்சு அப்படியே இருக்குது. எடை நூறு கிராம் கம்மி. அதே முடிச்சைத் திருப்பிப் போடத் தெரிஞ்ச ஆளுன்னா ஆரு? டீச்சர் பள்ளிக்கூடத்துல கைவேலை கிளாஸ் எடுத்தவங்க. சொல்லுங்க இப்ப.

ஐப்பசி மழை வந்துச்சு, எனக்கும் சாக்குக் கிடைச்சுது. பையையும் டிரம்மையும் சந்துல இருந்து எடுத்து ஊட்டுக்குள்ள ஸ்டோர் ரூம்ல வெக்கப் போறேன், பைப்பை மாத்திக் குடுன்னு சபாபதியைக் கூப்புட்டேன். அவன் வந்து பாத்துட்டு, 'வேண்டாங்க மேஸ்திரி. பை வெளியவே இருக்கட்டும். மழைக்கு ஒரு தகரம் அடிச்சுத் தர்றேன்'னான். பாத்தீங்களா? பை வெளிய இருக்கறதுல இவனுக்கு என்ன ஆதாயம்? டீச்சரும் அவனும் ஒரு நாள் கேட்டுப் பக்கத்துல நின்னு பேசுனதை நான் பாத்துருக்கறேன். அவன் மாட்டேன்னான், நானே பைப்பை வெட்டி நானே மாட்டுனேன். ஜன்னலைச் சாத்தி, இடுக்குல பேப்பர் ஒட்டி, வெளிக்கதவுக்குப் பூட்டுப் போட்டேன். ஈ நுழையாது.

ஸ்டோர் ரூம்லதான் சாந்தாவோட தையல் மிஷின் இருந்துது. ரவிக்கை தைப்பா, நாலு ஊட்டுக்கு. 'நான் எங்கீங்க உக்காந்து தைக்கறது?'ன்னா. நல்லதாப் போச்சு, நீ இங்கயே உக்காந்து தைச்சுக்கிட்டு பையைப் பாத்துக்க, ஆராச்சும் உள்ள வந்தா எனக்குச் சொல்லுன்னேன். சரின்னுட்டா. அவ எதுக்கும் சரின்னுருவா.

கார்த்திகை பொறந்ததுல இருந்து இருமல். நான் அவகிட்டச் சொன்னேன், ஐஸ் தண்ணி குடிக்காதே, ஊதுபத்தி கொளுத்தாதே, டீச்சர் கோழிகிட்டப் போகாதேன்னு. எல்லாம் நிறுத்துனா. இருமல் நிக்கல. அதுல ஒண்ணு கவனிச்சேங்க தம்பி. நான் மோட்டார் போட்டா இருமறா. நிறுத்திட்டாக் கொஞ்ச நேரத்துல இருமலும் நிக்குது. ஞாயித்துக்கிழமை நான் வேலை செய்யறதில்ல, அன்னிக்கு இருமலே இல்ல. இதுக்கு என்ன அர்த்தம்னு நீங்க சொல்லுங்க?

இல்ல, சொல்லாதீங்க. நான் அப்ப என்ன நெனைச்சேன்னு சொல்றேன். நடிக்கறான்னு நெனைச்சேன். மரவேலை அவளுக்குப் புடிக்கல, நேராச் சொல்லத் தைரியமில்ல, மோட்டார் சத்தம் கேட்டா இருமிக் காட்டறா. வேணும்னே ஒரு நாள் எட்டு மணி வரைக்கும் ஓட்டுனேன். அவ இருமுன இருமலு எனக்கு மோட்டாரையும் தாண்டிக் கேட்டுது. இன்னும் ஒரு பலகை இருக்குதுன்னு ஓட்டுனேன்.

எடையைக் கேளுங்க. பூட்டுன ரூமு, காவலுக்கு ஆளு. அப்பவும் கிலோவுக்கு நூறு கிராம் காணோம். அப்படின்னா டீச்சர் இல்ல. திருட்டு ஊட்டுக்குள்ளயே நடக்குது. ஊட்டுக்குள்ள நானும் அவளும்தான்.

ஒரு நாள் சுவத்துக்கிட்ட ரெண்டு பொம்பளைங்களும் குசுகுசுன்னு பேசுறாங்க. டீச்சர் என்னைப் பாத்ததும் பேச்சை நிறுத்திட்டாங்க. சாந்தா எதையோ முந்தானையில மறைச்சா. அப்பறம் பாத்தா தூதுவளைக் கீரை. இருமலுக்குக் கசாயம் வெக்க. கீரைக்கு எதுக்கு மறைக்கணும்? நான் டீச்சரோட பேசக் கூடாதுன்னு சொல்லிருந்தேன், அதனாலயாம். எனக்கு நம்பிக்கை வரல.

அப்பத்தான் டின்ட் நாபகம் வந்துச்சு. மில்லுல ரெண்டு ரகப் பஞ்சு கலந்துரக் கூடாதுன்னு ஒரு ரகத்து மேல கலர் தெளிப்பாங்க. பச்சை, ரோஸ். அப்பறம் துணியானதும் தண்ணியில அலசுனா போயிரும். அதுக்குப் பேருதான் டின்ட். ஒரு டப்பா கிளிப்பச்சை என்கிட்ட இருந்துது. போன வியாழக்கெழமை ஒரு பலகைக்கு நல்லாப் பூசிக் காய வெச்சு, உப்புத்தாள் மிஷின்ல மேலாக மாவாட்டத் தேச்சேன். டிரம்முல பச்சை, பையில பச்சை. இனி எவ கை வெச்சாலும் கை காட்டிக் குடுத்துரும். என்ற மூளையை நானே மெச்சிக்கிட்டேங்க.

வெள்ளி காலைல எடை போட்டேன். தொண்ணூறு கிராம் காணோம். டீச்சர்கிட்டப் போயி ஒரு பேனா குடுங்கன்னு வாங்குனேன், கையைப் பாக்கறதுக்கு. கை சுத்தம். கோழியையும் எட்டிப் பாத்தேன், எட்டும் வெள்ளையா மேயுது. ஊட்டுக்கு வந்து சாந்தாவைக் கையைக் காட்டுன்னேன். என்னமோ வளையல் வாங்கிட்டு வந்துட்டேன்னு நெனைச்சுச் சிரிச்சுக்கிட்டே ரெண்டு கையையும் நீட்டுனா. நகத்துக்கு உள்ள வரைக்கும் பாத்தேன். சுத்தம்.

சனிக்கெழமை ஊட்டுக்குப் பின்னாடி பொடக்காளியில துணி தொவைக்கறா. நான் போனதும் ஒரு கைக்குட்டையை இடுப்புல சொருகறா. எடுன்னேன். ஒண்ணுமில்லீங்கன்னா. எடுன்னு கத்துனேன். எடுத்தா. கிளிப்பச்சை.

மாட்டுனியான்னேன். ஆமாங்க தம்பி, அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். மாட்டுனியா, இத்தனை நாளா ஆருக்கு எடுத்துக் குடுத்தேன்னேன். அவளுக்கு ஒண்ணும் புரியல. 'சளிங்க. ரெண்டு நாளாப் பச்சையா வருது. நீங்க பயந்துக்குவீங்கன்னுதான் சொல்லல'ன்னா.

சளி பச்சையா வர்றது சகஜம்தானுங்க? அப்படித்தான் நானும் எனக்கே சொல்லிக்கிட்டேன். ஆனா முப்பத்தொரு வருசம் அந்தக் கலரைப் பாத்தவன். சளி தண்ணியில கரையாது. டின்ட் கரையும். அவ உள்ள போனப்பறம் ஒரு மக்குத் தண்ணியில அந்தக் கைக்குட்டையைப் போட்டேன். நீங்க நம்ப மாட்டீங்க, தண்ணி கிளி மாதிரி ஆயிருச்சு. நான் அந்த மக்கைப் புடிச்சுக்கிட்டு எத்தனை நேரம் நின்னேன்னு தெரியல. அவதான் வந்து, 'என்னுங்க, காபி ஆறுது'ன்னா.

ம்? என்ன கேட்டீங்க?

கை சுத்தமா இருந்தா அது எப்படி அவளுக்குள்ள போச்சுன்னா? நீங்க ஏனுங்க அப்படிக் கேக்கறீங்க? சபாபதி மாதிரியே கேக்கறீங்களே. செல்போன் கடைதான உங்களுது?

கோவிச்சுக்காதீங்க தம்பி. தப்பு என்மேலதான். எனக்குத் தெரியும். சனிக்கெழமையே தெரியும். அன்னிக்கு ராத்திரி நோட்டை எடுத்துக் கூட்டுனேன். ஐப்பசியில இருந்து காணாமப் போனது மட்டும் ஒண்ணே கால் கிலோவுக்கு மேல வருது. அத்தனையும் அவளுக்குள்ள போகலைங்க, சுவர்ல இருக்கும், தையல் மிஷின் மேல இருக்கும், ரவிக்கைத் துணியில இருக்கும். ஆனா அந்தப் பைக்கு அடியில முக்காலி போட்டு உக்கார வெச்சது நான். ஜன்னலைச் சாத்துனது நான். மேனேஜர் கேப்பாரே, ஆருய்யா திங்கறான்னு. அந்த மாராத்தா எதுக்கு இருமுனான்னு எனக்கு இருவது வருசம் கழிச்சு இப்பத்தான் தெரியுது. எனக்குப் பயமா இருக்குதுங்க தம்பி. சாந்தாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்.

அவகிட்டச் சொல்லலீங்க. டின்ட் விசயமும் சொல்லல, மக்கு விசயமும் சொல்லல. மோட்டாரை மட்டும் நிறுத்திட்டேன், கரண்டு சரியில்லைன்னு சொல்லி. அதுல இன்னொரு வேலையும் பண்ணி வெச்சிருக்கறேன். காலைல பஸ்ல வர்றப்ப அவகிட்டச் சொன்னேன், டாக்டரம்மா கேட்டா ஊட்ல தூசி கீசி ஒண்ணும் கெடையாதுன்னு சொல்லு, ஷெட்டைப் பத்திப் பேச்சே எடுக்காதேன்னு. ஏன்னா அவங்க எழுதிப் போட்டா ஆபீசர் வருவான், டீச்சர் சாட்சி சொல்லுவாங்க, ஷெட்டைப் பூட்டுவாங்க. அப்படித்தான் அவகிட்டக் காரணம் சொன்னேன். நெசமான காரணம் அது இல்லீங்க. ஒரு வெள்ளைக் கோட்டுக்காரி முன்னால, உன்ற புருசன்தான் உனக்கு இதைச் செஞ்சான்னு அவ காதுல உழுகறதை என்னால தாங்க முடியாது.

பையில என்ன இருக்குதுன்னு ரொம்ப நேரமாப் பாத்துக்கிட்டு இருக்கறீங்க. சொல்லிர்றேன். எடை நோட்டு. ஒரு டப்பாவுல அந்தப் பச்சைத் தூளு. பிளாஸ்டிக் கவர்ல அந்தக் கைக்குட்டை. அவளைச் சொல்லாதேன்னுட்டு இதையெல்லாம் எதுக்குத் தூக்கிட்டு வந்தேன்னு கேட்டா எனக்கே தெரியலீங்க. காலைல கெளம்பறப்பக் கை தானா எடுத்துது.

அதா, கதவு தொறக்குது. வந்துட்டா. வா அம்மிணி, மொள்ள, மொள்ள. இந்தச் சேர்ல உக்காரு. தம்பி நம்மாளுதான், பயப்படாதே. மூச்சு வாங்குது, பேசாதே கொஞ்ச நேரம். எத்தனை தடவை ஊதச் சொன்னாங்க? மூணா? தலை சுத்துதா? இந்தா, தண்ணி குடி.

டாக்டரம்மா என்ன கேட்டாங்க?

ஊட்ல கோழி இருக்குதா, மாவு மில்லு இருக்குதான்னாங்களா. அப்பறம்? மரவேலை இருக்குதான்னும் கேட்டாங்களா? ரெண்டு தடவையா?

நீ என்ன சொன்னே?

ம். நான் சொன்னபடியே சொல்லிட்டியா.

இல்ல சாந்தா, நீ நல்லாத்தான் சொல்லிருக்கறே. உன்மேல தப்பில்ல. மாத்திரைச் சீட்டு கையிலயே இருக்கட்டும், இன்னும் கடைக்குப் போக வேண்டாம். ஒரு நிமிசம் உக்காந்துக்க. எங்கயும் போகல, இங்கதான், அந்தக் கதவு வரைக்கும். வந்து உனக்கும் சொல்றேன். நீ எல்லாத்தையும் கேக்கணும், கேட்டுட்டு என்னை என்ன வேணும்னாலும் சொல்லு.

தம்பி, இவளைக் கொஞ்சம் பாத்துக்கங்க. இருமல் வந்தா முதுகை நீவி உடுங்க, கூச்சப்படாதீங்க, உங்க அம்மா மாதிரி நெனைச்சுக்கங்க. பையை நான் எடுத்துக்கறேன்.

நர்சம்மா, இருபத்திமூணாம் நம்பரைக் கூப்புடறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் உள்ள உடுங்க. ரூம் சின்னதுன்னு தெரியுங்க, நான் நின்னுக்கறேன். டாக்டரம்மாகிட்டச் சொல்லுங்க, இப்ப ஊதிட்டுப் போனாங்களே சாந்தாமணி, அவங்க ஊட்டுக்காரன் வந்துருக்கறான்னு. மரவேலை செய்யறவன்னு சொல்லுங்க.